வள்ளத்துப் பேட்டரியும் பவுலினாளின் கழுத்தும்

அநியாயம் நடந்தது பவுலினாளின் கழுத்துக்கு. நடத்தியவர்கள் வெளியார் யாருமில்லை. ஒருவர் அவளைக் கட்டிய லெயோன், இன்னொருவர் அவளோடு கூடப் பிறந்த தம்பி கபிரியேல். இரண்டு பேரும் பங்குக்கு வைத்திருக்கிற வள்ளத்தில் மீன் காட்டுகிற கருவி ஒன்று பூட்டியிருக்கிறது. அது எரிய ஒரு பழைய லாரி பேட்டரி. அந்தப் பேட்டரியைப் போன தவக்காலத்திலிருந்து முந்தாநாள் வரைக்கும் கரையிலிருந்து வீட்டுக்கும், சார்ஜ் ஏற்றிய பிறகு வீட்டிலிருந்து கரைக்கும், தலையில் சுமந்தவள் பவுலினாள். முந்தாநாள் பேட்டரி ஒரேயடியாகச் செத்துப்போனது. புதிது வாங்கத்தான் இப்போது எல்லோருமாகத் தூத்துக்குடிக்கு வந்து தங்கபாண்டி அண்ணாச்சியின் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அண்ணாச்சி லெயோனைப் பார்த்து, "எத்தனை ஆம்பியர் வேணும்?" என்று கேட்டார். கேட்ட கையோடு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்று இருமி அணைந்தது. "யோசிச்சு வைங்க, இந்தா வந்துருதேன்" என்று மீட்டரைத் தூக்கிக்கொண்டு அவர் வெளியே போய்விட்டார். கேள்வி மட்டும் மேசைமேல் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள் லெயோனின் மகள் ஜெசிந்தா. பல்கலைக்கழகத்தில் வேதியியல் முதுகலை இரண்டாம் வருஷம் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்தவள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் என்று ஊரில் பெயர் எடுத்தவள். முதலில் அது ஆம்பியரே இல்லை, ஆம்பியர்-மணி, என்று அவள் மனசு எழுந்து நின்றது. ஓட்டத்தின் வேகம் வேறு, தொட்டியின் கொள்ளளவு வேறு, இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கிறவர் இப்படியா கேட்பது? சரி, அது கிடக்கட்டும், அண்ணாச்சியோடு சண்டை போட இன்றைக்கு வரவில்லை, சண்டை வேறு இடத்தில் இருக்கிறது, அது இரண்டு நாற்காலி தள்ளி, கபிரியேல் மாமா உருவத்தில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருக்கிறது.

ஆனாலும் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதுதான் வேடிக்கை. கடைக்குள் ஒரு புளித்த வாடை, அமிலமும் ரப்பரும் கலந்தது, ஆய்வகத்துக்குள் நுழைந்ததுபோல நெஞ்சுக்குப் பழக்கமான வாடை. மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை டிக் என்று எதையோ ஒத்துக்கொண்டது. அம்மா மாதா திருவிழாவுக்குக் கட்டுகிற ஊதாச் சேலையில் வந்திருந்தாள், மடியில் மக்ரூன் டப்பா, வீட்டுக்குப் போய்த்தான் திறப்பது என்று சொல்லிவிட்டு அவளே ஓரத்தைத் திறந்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஜெசிந்தாதான் நேற்று அடம் பிடித்தாள். சுமக்கிறவள் வராமல் பேட்டரி வாங்குவது செருப்புப் போடுகிறவன் இல்லாமல் செருப்பு வாங்குகிற மாதிரி என்று வாதம் வைத்தாள், அப்பா சிரித்துவிட்டார், சிரித்தால் பாதி ஜெயித்த மாதிரி. பஸ்ஸில் நாலு பேருக்கும் இடம் கிடைத்தது. உப்பளத்து வெள்ளைக் குவியல்கள் ஜன்னலில் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அம்மா, "அங்க பாரு, எவ்வளவு உப்பு" என்றாள், பிறந்ததிலிருந்து பார்க்கிற உப்பைப் புதிதாகப் பார்க்கிறவள்போல. அதைச் சொல்ல அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். அங்கேதான் ஜெசிந்தாவின் சந்தோஷத்தில் முள் குத்தியது. அம்மா கழுத்தைத் திருப்பவில்லை, தோள் இடுப்பு எல்லாமாகச் சேர்த்துத் திரும்பினாள். பூசையில் சமாதானம் சொல்லிக்கொள்ளும்போதும் அப்படித்தான், பக்கத்திலிருக்கிற பெண்ணுக்குக் கைகூப்ப முழு உடம்பையும் அலமாரி நகர்த்துவதுபோல நகர்த்துகிறாள். எப்போதிலிருந்து? விடுமுறைக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கவனித்தது. அதற்கு முன்னால் கவனித்தாளா? இல்லை. உச்சந்தலையில் சும்மாடு வைக்கிற இடத்தில் முடி தட்டையாகி வழுவழுவென்று இருப்பதையும் அன்றைக்குத்தான் கவனித்தாள், எண்ணெய் தேய்த்துவிடும்போது, விரல் அங்கே வந்ததும் வழுக்கிக்கொண்டு போனது.

கணக்கு ரொம்பச் சின்னது, அதுதான் அவளுக்கு ஆத்திரம். பெரிய கணக்காக இருந்தால் தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று விட்டுவிடலாம். கருவி ஒரு ஆம்பியர் இழுக்கிறது, பின்பக்கம் ஒட்டியிருக்கிற தாளிலேயே போட்டிருக்கிறது. கருக்கலில் வள்ளம் தள்ளினால் சாயங்காலத்துக்குள் கரை, பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள். ஆக, பன்னிரண்டு. ஈயப் பேட்டரியைப் பாதிக்கு மேல் உறிஞ்ச விட்டால் தகட்டில் உப்புக் கட்டி ஆயுசு குறையும், ஆகையால் இரட்டிப்பு, இருபத்துநாலு. கொஞ்சம் கூடக்குறைய, இருபத்தாறு. முடிந்தது. அம்மா சுமந்தது எண்பது. கனத்தில் அரை மூட்டை சிமெண்ட், அதுவும் ஓரம் கூர்மையான சிமெண்ட். யாருக்காக அந்த மிச்சம் ஐம்பத்துச்சொச்சம்? தினமும் கடலுக்குப் போய், ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்து, மறுபடியும் அம்மா தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதைக் கேட்டபோது கபிரியேல் மாமா சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வருகிறது. "மருமகளே, பேட்டரி பெருசா இருந்தாத்தான் ஆழம் தெளிவாத் தெரியும். சின்ன பேட்டரிக்குப் பத்து பாகம் தண்ணிக்குக் கீழ பார்வ எட்டாது." ஐயோ மாமா. எஞ்சினில் குதிரைசக்தி கூடினால் வள்ளம் தூரம் போகிறது, ஆகையால் பேட்டரியில் ஆம்பியர் கூடினால் பார்வை ஆழம் போகுமாம். வாதம் தப்பு, ஆனால் வாதத்துக்கு ஒரு வடிவம் இருக்கிறது, அதுதான் அவளை மடக்குகிறது. சாட்சிக்கு மாமா மீனையே கூட்டிக்கொண்டு வருவார்: லாரி பேட்டரி வந்த வாரம்தானே ஆழத்துப் பாறைப் பாரில் விளமீன் கூட்டம் திரையில் தெரிந்தது? அந்த வாரம் நீரோட்டம் மாறியது மாமா. அது எப்படி உனக்குத் தெரியும், நீ ஹாஸ்டல்ல இருந்தே. இப்படியே போகும். மாமாவோடு வாதாடுவது அவளுக்குப் பிடிக்கும், மறைப்பானேன், ஹாஸ்டலில் அவளோடு இவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க ஒருத்தியும் இல்லை.

பேட்டரிப் பெட்டி சுமக்கிற வழக்கம் யார் போட்டது? யாரும் போடவில்லை, அதனால்தான் யாரிடமும் போய்க் கேட்க முடியவில்லை. வள்ளம் கரை ஏறியதும் எஞ்சினை இரண்டு ஆண்கள் தோளில் வைத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோவார்கள். எஞ்சின் ஆண்களுடைய பாரம். மற்றது எல்லாம், மீன், தண்ணீர்க் குடம், சோற்றுத் தூக்கு, இப்போது இந்தப் பேட்டரி, பெண்களுடையது. கொட்டகையில் கரண்ட் இல்லை, வீட்டில்தான் சார்ஜ் போட வேண்டும், வீடு என்றால் பெண்கள், ஆக பேட்டரி பெண்ணின் பாரம், எவ்வளவு அழகாக நழுவி வந்து உட்கார்ந்துவிட்டது பார்! கருவி வாங்கின வருஷத்துக்கு முன்னால் பேட்டரி என்ற சாமானே கரையில் கிடையாது, வழக்கம் மட்டும் ஆதியிலிருந்து இருந்ததுபோலப் பேசுகிறார்கள். அப்பா ஒரு நாள் சுமக்கட்டுமே என்று ஜெசிந்தா சொன்னதற்கு மாமா, "தலையில பெட்டி வச்சிக்கிட்டு ஒரு ஆம்பள தெருவுல வந்தாம்னா யாரு செத்தாம்னு கேப்பான்" என்றார். அப்பா பீடியைத் தேடினார். அப்பா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எவ்வளவு வசதி. ராத்திரி அம்மாவுக்குக் கழுத்தில் தைலம் தேய்த்துவிடுகிறவர் அப்பாதான், பெருவிரலால் தண்டைப் பிடித்துப் பதமாக, தூண்டில் கயிற்றில் முடிச்சு அவிழ்க்கிற விரல்; மறுநாள் அதே தலையில் பேட்டரி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தைலத்துக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு கோடு போட அவருக்குத் தோன்றவில்லை. ஒரு நாள் ஜெசிந்தாவே தூக்கினாள், யாரையும் கேட்காமல். மூன்றாவது சந்து திரும்பியபோது காதுக்குள் ஓர் இரைச்சல், கண்ணுக்கு முன்னால் கொசு பறந்தது, பின்னாலேயே ஓடி வந்த அம்மா பெட்டியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, "படிக்கிற பிள்ள கழுத்த ஒடிச்சிக்கிட்டா என்ன செய்ய" என்றாள். படிக்காத கழுத்து ஒடிந்தால் பரவாயில்லையா அம்மா? கேட்கவில்லை. மூச்சு வாங்கியது.

இங்கேதான் அவள் வழக்கு எப்போதும் தட்டுகிறது, சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்கே வந்து, பாறையில் கயிறு மாட்டுகிற மாதிரி மாட்டிக்கொள்கிறது. லாரி பேட்டரியைக் கேட்டவள் அம்மாதான். முதலில் இருந்தது ஒரு குட்டிப் பேட்டரி, ஏழு, கம்ப்யூட்டருக்கு அடியில் வைக்கிறது, ஒரு கையில் சோற்றுத் தூக்குப்போல ஆட்டிக்கொண்டு வரலாம். தவக்காலம் தொடங்கின வாரம் அது பாதி நாளில் அணைந்தது. அணைந்த நேரம் பார்த்து மூடாப்பு இறங்கியது. கரையில் கோவில் கோபுரமும் தெரியவில்லை, உப்பளத்துத் தண்ணீர்த் தொட்டியும் தெரியவில்லை. வழி காட்டுகிற கோடும் அந்தக் கருவியின் திரையில்தான் இருந்தது, திரை கறுத்துவிட்டது. மற்ற வள்ளமெல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. அம்மா தண்ணீருக்குள் முழங்கால் மட்டும் இறங்கி நின்றாளாம், எத்தனை பேர் கூப்பிட்டும் ஏறவில்லையாம். அப்பாவும் மாமாவும் வடக்கே வேறொரு ஊர்க் கரையில் ஏறி, போன் வந்து, ஊரே சிரித்து, அதற்குப் பிறகுதான் அம்மா தண்ணீரைவிட்டு வந்து சொன்னாளாம், "எம்புட்டுப் பெருசானாலும் வாங்குங்க. தூக்க நான் இருக்கேன்." ஜெசிந்தா அப்போது ஹாஸ்டலில் உப்புமா நன்றாக இல்லை என்று மனு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் கழித்துத்தான் விஷயமே தெரியும். மாமாவின் கடைசி அம்பு எப்போதும் இதுதான்: "நாங்களா ஏத்தினோம்? அக்கா கேட்டா, வாங்கினோம்." அவளிடம் பதில் உண்டு, ஆனால் வரிசையாக வரமாட்டேன் என்கிறது. பயந்து நின்றவள் சொன்ன ஒரு வார்த்தையை ஆயுள் முழுக்கச் செல்லுகிற பத்திரமாக்கலாமா? கூடாது. அப்படியானால் அம்மா சொன்னது அம்மாவின் வார்த்தை இல்லையா, அவள் வாயைப் பிடுங்கி நீ பேசுவாயா? அதுவும் கூடாது. சரி, அப்படியானால்? டிக், என்றது மின்விசிறி.

அதைவிட ஒன்று. இருபத்தாறு என்று சொல்லி, அவர்களும் கேட்டு, வாங்கிக்கொண்டு போய், தாளில் போட்டிருந்தது பொய்யாக இருந்து, குளிரிலோ பழசாகியோ கருவி ஒன்றுக்குப் பதில் ஒன்றரை இழுத்து, ஒரு மூடாப்பு நாளில் திரை அணைந்தால்? அப்போது கழுத்து நன்றாகத் திரும்பும் அம்மாவுக்கு, கடல் பக்கம் பார்க்க. இந்த நினைப்பு வந்தவுடன் உள்ளங்கை ஈரமாகிவிட்டது, சுடிதாரில் துடைத்துக்கொண்டாள். வகுப்பில் தப்பாகச் சொன்னால் மதிப்பெண் போகும், அவ்வளவுதானே. இந்தக் கணக்கில் விடை தப்பினால் போவது எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து பீடிக்குப் பதில் சூயிங்கம் மென்றுகொண்டிருக்கிற இந்த மனிதர், வலது காதில் ஓட்டை பெரிதாக இருக்கிற இந்த அப்பா. மீண்டும் போட்டாள். ஒன்று, பன்னிரண்டு, இருபத்துநாலு. மீண்டும். ஒன்றரை, பதினெட்டு, முப்பத்தாறு. முப்பத்தாறு! இதோ, பத்து நிமிஷத்தில் அவளே அம்மா தலையில் பத்து ஏற்றிவிட்டாள். இப்படித்தான் அவர்களும் ஏற்றியிருப்பார்களோ, ஒரு பயத்துக்குப் பத்து, இன்னொரு பயத்துக்குப் பத்து, எண்பது வரைக்கும்? பயம் எல்லோருக்கும் நியாயமானதுதான், ஆனால் பயப்படுகிறவர் எல்லோரும் அதை இறக்கி வைக்கிற இடம் ஒரே தலை. ஆமாம், இது வாதம், இது நல்ல வாதம், இதை மாமாவிடம் சொல்ல வேண்டும். லித்தியம் பேட்டரி என்றால் கழுத்துக்குப் பூ மாதிரி; வரும்போதே அண்ணாச்சியிடம் விசாரித்தாள்; சொன்ன விலையைக் கேட்டு மாமா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார், அது போகட்டும்.

அண்ணாச்சி திரும்பி வந்து கையைத் துடைத்தார். "என்ன, யோசிச்சாச்சா?" மாமா முந்திக்கொண்டார். "எண்பதே போடுங்க, பழகின சைஸு." ஜெசிந்தா எழுந்தே விட்டாள். "இருபத்தாறு போதும் அண்ணாச்சி, அதுக்கு மேல எடுக்கிறது அத்தனையும் சும்மா சுமக்கிறதுக்கு." "படிப்பு ஆழத்துக்கு எட்டாது மருமகளே." "பேட்டரியும் எட்டாது மாமா, ஆழத்துக்குப் போறது சத்தம், திரும்பி வாறதும் சத்தம், பேட்டரி சும்மா வள்ளத்துல உக்காந்திருக்கு, உங்கள மாதிரி." அப்பா சிரித்தார். அண்ணாச்சியும் சிரித்தார். "பாப்பா சொல்லுதது சரிதான்யா, ஒரு ஆம்பியர் இழுக்கிறதுக்கு எண்பது எதுக்கு? ஆனா இருபத்தாறு இப்ப இருப்பு இல்ல. பதினெட்டு இருக்கு, நாப்பத்திரெண்டு இருக்கு, எண்பது இருக்கு." பாப்பா என்றதற்குச் சண்டை போடலாமா வேண்டாமா என்று ஜெசிந்தா யோசிப்பதற்குள் அவர் மூன்றையும் கொண்டுவந்து தரையில் வரிசையாக வைத்தார், அண்ணன் தம்பி போல. அம்மா எழுந்தாள். மக்ரூன் டப்பாவை ஜெசிந்தா கையில் கொடுத்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள், குனிந்தாள், எண்பதைப் பிடித்து ஒரு மூச்சில் இடுப்புக்கு ஏற்றிவிட்டாள். ஊதாச் சேலையோடு, குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிற மாதிரி நின்றாள். மாமா கையைத் தட்டினார். "பாத்தியா மருமகளே, யாரு அக்கா!" போச்சு. ஜெசிந்தாவின் வழக்கு போச்சு. முடியாது முடியாது என்றுதானே இத்தனை நாளாக வாதாடினாள், கழுத்து தாங்காது, எலும்பு தேயும், வயசு என்ன ஆகிறது. முடியும் என்று நின்றுவிட்டாளே இந்த அம்மா. முடிகிறது என்பதுதானே அவர்களுடைய ஒரே சாட்சியம். முடிவது ஒரு குற்றமா, முடிகிறவள் எல்லாவற்றையும் சுமக்க வேண்டுமா என்று ஏன் இதுவரை அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை?

அம்மா பேட்டரியைச் சத்தம் இல்லாமல் கீழே வைத்தாள். வரிசையின் ஓரத்தில் பதினெட்டு இருந்தது. அதன் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தாவுக்குச் சட்டென்று கணக்கு கண்ணில் பட்டது. "அண்ணாச்சி, பதினெட்டுல ரெண்டு இருக்கா? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல சேத்துப் பூட்டினா முப்பத்தாறு. ஒண்ணு மக்கர் பண்ணினாலும் மத்தது கரைக்குக் கூட்டிட்டு வந்துரும்." சொல்லும்போதே உள்ளங்கை உலர்ந்துவிட்டது. மூடாப்பும் வரட்டும், ஒன்றரையும் இழுக்கட்டும். அண்ணாச்சி தலையை ஆட்டினார், செய்யலாம், இரண்டும் ஒரே சமயத்தில் வாங்கினதாக இருந்தால் நல்லது, வயரும் தானே போட்டுத் தருவதாகச் சொன்னார். மாமா கொஞ்ச நேரம் பதினெட்டுக்கும் எண்பதுக்கும் நடுவில் ஆழம் பார்த்தார். "ஆழம் தெரியுமா?" "தெரியும் மாமா." "தெரியலன்னா நீதான் முங்கிப் பாக்கணும்." "சரி, முங்குதேன்." அப்பா சூயிங்கத்தைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்து, ரொம்பப் பிரியமாகத்தான், கேட்டார்: "ஏட்டி பவுலி, நீ சொல்லு. ரெண்டையும் ஒரே பெட்டிக்குள்ள வச்சிட்டா ஒனக்கு முந்திக்கு லேசாத்தான இருக்கும்?" ஜெசிந்தா வாயைத் திறந்தாள். பெட்டியா, மறுபடியும் பெட்டியா, மறுபடியும் அதே தலையா என்று ஆரம்பித்து எட்டு வாக்கியம் தயாராக இருந்தது. டப்பா கையில் நசுங்கியது. அம்மா அவள் பக்கம் திரும்பவில்லை, அப்பா பக்கமும் திரும்பவில்லை. குனிந்து இடது கையில் ஒரு பதினெட்டையும், அண்ணாச்சி அப்போதுதான் கொண்டுவந்து வைத்த மற்றதை வலது கையிலும் எடுத்து, ஏலத்தில் மீனை நிறுத்துப் பார்ப்பதுபோல ஏற்றி இறக்கிப் பார்த்தாள். இரண்டும் ஒரே கனம். பிறகு அண்ணாச்சியிடம் சொன்னாள், சத்தம் கூட்டாமல், தெளிவாக, கடைக்குள் எல்லோருக்கும் கேட்கும்படி:

"இது ரெண்டையும் போடுங்க அண்ணாச்சி. ஒண்ணாக் கட்டாதீங்க, தனித்தனிப் பையில போடுங்க. ஒண்ண எங்கிட்ட குடுங்க. மத்தத இவரு கையில குடுங்க, இன்னையில இருந்தே பழகட்டும்."